திங்கட்கிழமை கமிட்டி

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு அந்த வெயில் ஆகாது. கள்ளக்குறிச்சி வரைக்கும்தான் நான். நீங்க? விழுப்புரமா? அப்ப நிம்மதியா தூங்கிக்கிட்டே போகலாம். நான் கொஞ்சம் பேசுற ஆளு. தொந்தரவு இல்லையே?

இந்தப் பையா? ஜவ்வரிசிங்க. ஒரு பொண்ணு குடுத்தா. வேணாம் வேணாம்னேன், கேக்கல. பொண்ணுன்னா, இப்ப அவளுக்கும் நாற்பது தாண்டியிருக்கும். என்கிட்ட வேலை பார்த்தவ. பூங்கோதைன்னு பேரு. ஆத்தூர்ல அவங்க அப்பாவோட சேகோ ஃபேக்டரியை, அதான் ஜவ்வரிசி ஆலையை, இப்ப அவதான் பார்த்துக்குறா. அவளைப் பார்க்கத்தான் காலையில வந்தேன். பார்த்துட்டுத் திரும்புறேன்.

நீங்க கல்வராயன் மலைப் பக்கம் போயிருக்கீங்களா? போனா தெரியும். அடிவாரத்துல ஒரு பெரிய கிண்ணம், வானத்தைப் பார்த்து நிக்கும். ரேடியோ தொலைநோக்கி. ஊர்க்காரங்க டிஷ்ஷுன்னுதான் சொல்லுவாங்க. முன்னாடியெல்லாம் வீட்டுல டிவி தெரியலைன்னா எங்க கேட்டுல வந்து சண்டை போடுவாங்க, எங்க டிஷ்ஷுதான் எல்லாத்தையும் உறிஞ்சிடுதுன்னு. அதுக்கு நான் டைரக்டரா இருந்தேன். ரிட்டையர் ஆகியும் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்துலயே வீடு பார்த்துக்கிட்டு இருந்துட்டேன். இப்ப அதை மூடுறாங்க. பழசாயிடுச்சாம். அடுத்த வெள்ளிக்கிழமை நிறைவு விழா. பழைய ஆளுங்க எல்லாரையும் கூப்பிடணும்னாங்க. பூங்கோதையை நானே நேர்ல போய்க் கூப்பிடுறேன்னேன். போன் எடுக்க மாட்டேங்குறா. நம்பர் மாத்திட்டா போல.

ஏன் நேர்ல போனேன்னா, என்மேல ஒரு பேச்சு இருக்கு. நான்தான் அந்தப் பொண்ணு வாழ்க்கையைக் கெடுத்தேன்னு. யாரும் மூஞ்சிக்கு நேரா சொல்றதில்லை. கேன்டீன்ல நான் போனா பேச்சு நிக்கும், அவ்வளவுதான். நீங்க மூணாம் மனுஷர். உங்களுக்கு எந்தப் பக்கமும் கிடையாது. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

அவ ஆராய்ச்சி பண்ணினது மேக்னட்டார்னு ஒரு வகை நட்சத்திரத்தை. நட்சத்திரம்னா செத்துப்போன நட்சத்திரம். அளவு என்னமோ இந்த ஆத்தூருக்கும் தலைவாசலுக்கும் நடுவுல வச்சுடலாம். ஆனா கனம் சூரியனை விட ஜாஸ்தி. அதுல இருக்கிற காந்தம் இருக்கே, நாம நினைச்சுக்கூடப் பார்க்க முடியாது. அந்தக் காந்தம் உள்ளுக்குள்ளயே முறுக்கி முறுக்கி, ஒரு நாள் மேல்தோடு விரிசல் விடும். அப்ப ஒரு வெடிப்பு. அது முதல்ல எக்ஸ்ரேயில தெரியும். ஆமாங்க, ஆஸ்பத்திரியில எடுக்கிற அதே எக்ஸ்ரேதான். ஆனா அது நம்ம காத்தைத் தாண்டிக் கீழ வராது, அதனால செயற்கைக்கோள்தான் பார்க்கும். அப்புறம் சிலது மட்டும், எல்லாம் இல்ல, சிலது மட்டும் ரேடியோவுலயும் துடிக்க ஆரம்பிக்கும். அது கீழ வரும். அதை எங்க டிஷ் மாதிரி ஒண்ணு கேக்கலாம்.

இதுல ஒரு விஷயம். வெடிச்சு முடிஞ்சு, ரேடியோ ஓடிக்கிட்டு இருக்கிறப்பதான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. அது ஆரம்பிக்கிற நேரத்தை யாரும் பார்த்தது கிடையாது. பூங்கோதை என்ன சொன்னான்னா, அந்த ஆரம்பத்தைப் பார்த்தாத்தான் அது ஏன் துடிக்குதுன்னு தெரியும்னா. எக்ஸ்ரேயில வெடிப்பு தெரிஞ்ச உடனே டிஷ்ஷைத் திருப்பணும், ஒண்ணும் கேக்காட்டாலும் திருப்பியே வச்சிருக்கணும், மௌனத்துலயே உக்காந்திருக்கணும், சத்தம் வர்ற அந்த நிமிஷத்தைப் பிடிக்கணும். இதான் அவ கணக்கு. ஒரே ஒரு மேக்னட்டாரைத் தேர்ந்தெடுத்து வச்சிருந்தா. அது கடைசியா வெடிச்சப்ப அவ பள்ளிக்கூடத்துல படிச்சுக்கிட்டு இருந்தாளாம். அதுக்காக எங்ககிட்ட வந்து சேர்ந்தா. வருஷா வருஷம் கான்ட்ராக்ட். வருஷா வருஷம் ஒண்ணும் வெடிக்கல.

நான் அவளை எவ்வளவு நல்லா பார்த்துக்கிட்டேன் தெரியுமா? அவ அம்மா இறந்தப்ப ஆபீஸ் வண்டியைக் குடுத்து அனுப்பினேன். விதிப்படி குடுக்கக் கூடாது. என் சம்சாரம் அவளுக்குன்னு தனியா குழம்பு ஊத்தி அனுப்புவா. "சார், இது வெடிக்கலைன்னா நான் என்ன சார் பண்றது?"ம்பா. "பொறுமைம்மா, பொறுமைதான் விஞ்ஞானம்"னு சொல்லுவேன்.

என் வேலை வேற மாதிரி. பல்சார்னு ஒண்ணு இருக்கு. அதுவும் செத்த நட்சத்திரம்தான், ஆனா ஒழுங்கு. கடிகாரம் மாதிரி சுத்தும். அதுங்களை நான் இளவயசுல இருந்து விடாம பார்த்துக்கிட்டு வந்தேன். ஒரு வாரம்கூட விட்டுப்போகாத தொடர். உலகத்துல ரொம்பக் கொஞ்சம் பேர்கிட்டதான் அப்படி ஒரு தொடர் இருந்துச்சு. அதை நான் பெருமைக்குச் சொல்லல.

ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானம் நான் டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு வாய் வச்சிருப்பேன், பூங்கோதை ஓடி வர்றா. செருப்புக்கூட இல்ல. லேப்ல கழட்டிப் போட்டுட்டு அப்படியே வந்திருக்கா. பெங்களூர்ல ஹெக்டேன்னு ஒருத்தர், செயற்கைக்கோள் குழுவில இருக்கிறவர், அவளுக்குப் போன் பண்ணியிருக்கார். எக்ஸ்ரே திடீர்னு பல மடங்கு ஏறிடுச்சாம். அவளோட மேக்னட்டார்.

"சார், வெடிச்சிடுச்சு சார்."

"உக்காரும்மா. தண்ணி குடி."

"உக்கார நேரமில்ல சார். டிஷ்ஷைத் திருப்பணும். நீங்க வாயால சொன்னா போதும்."

வாயால சொன்னா போதும்ங்கிறது உண்மைதான். அவசர நேரம்னு விதியில ஒரு பிரிவு உண்டு, டைரக்டர் சொன்னா திருப்பலாம். ஆனா தம்பி, நான் அந்தப் பிரிவை அதுவரைக்கும் பயன்படுத்தினதே கிடையாது. ஒருத்தருக்குக் குடுத்தா நாளைக்கு இன்னொருத்தர் வருவார். அதுவும் அந்த வாரம் டிஷ்ல ஓடிக்கிட்டு இருந்தது என் பல்சார் தொடர். நானே என் தொடரை நிறுத்தி என் ஆளுக்குக் குடுத்தா பாரபட்சம்னு பேசுவாங்க. நான் நிறுத்தாததாலதான் அது பாரபட்சம் இல்லாம இருந்துச்சு. புரியுதா?

"திங்கட்கிழமை கமிட்டி இருக்கு. எழுதிக் குடு. நானே எடுத்துப் பேசுறேன்"னேன்.

அவ என்ன சொன்னா தெரியுமா? "சார், நட்சத்திரத்துக்குத் திங்கட்கிழமை தெரியாது சார்."

நான் சிரிச்சுட்டேன். எவ்வளவு அழகா பேசுவா பாருங்க. இதை நான் எத்தனையோ மேடையில சொல்லியிருக்கேன். கைதட்டுவாங்க.

அப்புறம் கெஞ்சினா. உங்க பல்சார் ஒண்ணு மேற்கே மறைஞ்சு அடுத்தது கிழக்கே ஏறுறதுக்குள்ள இருக்கிற இடைவெளியையாவது குடுங்கன்னா. டிஷ் திரும்பித் திரும்பி வந்தா தேய்மானம், அளவுத்திருத்தம் கெட்டுப்போகும். மாட்டேன்னேன். அமைதியாத்தான் சொன்னேன். நான் என் சர்வீஸ்லயே யார்கிட்டயும் கத்தினது கிடையாது. அவ நின்னுக்கிட்டே இருந்தா. சாப்பாடு ஆறிப்போச்சு. அவ போனதுக்கப்புறம் ஆபரேட்டர் சின்னதுரையைக் கூப்பிட்டுச் சொல்லி வச்சேன், நான் எழுத்துல குடுக்காம யார் கேட்டாலும் திருப்பாதேன்னு. அவளைச் சந்தேகப்பட்டு இல்ல. அவ ஏதாவது பண்ணி மாட்டிக்கக் கூடாதேன்னுதான்.

கண்டக்டர், சின்னசேலத்துல டீக்கு நிறுத்துவீங்களா? நிறுத்த மாட்டாங்களாம். பரவாயில்ல.

எங்க விட்டேன்? ஆங். ஞாயித்துக்கிழமை. சாப்பிட்டு வந்து வாசல்ல நிக்கிறேன். டிஷ்ஷைப் பார்க்கிறேன். அந்த நேரத்துக்கு அது வடக்கே பார்த்து நிக்கணும். தெற்கே தாழ்வா பார்த்துக்கிட்டு நிக்குது. நம்ம வீட்டு மாடு அடுத்தவன் கொல்லையில நிக்கிற மாதிரி இருந்துச்சு எனக்கு. அந்த வெயில்ல குடைகூட எடுக்காம நடந்து போனேன்.

கட்டுப்பாட்டு அறையில பூங்கோதை திரைக்கு முன்னால உக்காந்திருக்கா. சின்னதுரை பின்னால நிக்கிறான். என்னைப் பார்த்ததும் அவன் மூஞ்சி செத்துப்போச்சு. அவ திரும்பவே இல்ல.

"சார், ப்ளீஸ் சார். இன்னும் கொஞ்ச நேரம்"னா. திரையைப் பார்த்துக்கிட்டேதான் சொன்னா.

"யாரைக் கேட்டும்மா திருப்பினே?"

"யாரையும் கேக்கல சார். சின்னதுரை அண்ணன் மேல தப்பில்ல, நான்தான் திருப்பினேன். சார், இப்பத்தான் ஏதோ வர்ற மாதிரி இருக்கு. ரெண்டு மூணு துடிப்பு. இங்க பாருங்க சார். வந்து பாருங்க."

நான் பார்க்கல. பார்க்கிறது முறையில்ல. அனுமதி இல்லாம எடுத்த பதிவை டைரக்டர் பார்த்தா, டைரக்டரே சம்மதிச்ச மாதிரி ஆயிடும்.

"சின்னதுரை, வடக்கே திருப்புப்பா"ன்னேன்.

அவன் அவளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவ எழுந்திருக்கல. அவன் அவ தோளுக்கு மேல கையை நீட்டித்தான் பொத்தானை அழுத்தினான். மோட்டார் சத்தம் கேட்டுச்சு. அது பெரிய டிஷ்ஷு, மெதுவாத்தான் திரும்பும். அது திரும்பி முடிக்கிற வரைக்கும் அவ அப்படியே உக்காந்திருந்தா. அழலை. அழுதிருந்தா நான் என்னமாவது சொல்லியிருப்பேன்.

மறுநாள் கமிட்டி. நானே அவளுக்காகப் பேசினேன் தம்பி. இதை யாரும் சொல்ல மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை நடந்ததைப் பெரிசு பண்ணாம, மெமோவோட முடிச்சு, நேரத்தை ஒருமனதா ஒதுக்க வச்சேன். வெளிய வந்து நானே அவகிட்ட சொன்னேன், "உனக்குக் குடுத்தாச்சும்மா"ன்னு. அவ கையில ஒரு காகிதம் வச்சிருந்தா. பூமிக்குத் தெற்குப் பாதியில இருக்கிற நாட்டுக்காரங்க யாரோ அன்னிக்கு விடியக்காலையில அதே நட்சத்திரத்தை ரேடியோவுல பிடிச்சுட்டாங்களாம், உலகத்துக்கே அறிவிச்சுட்டாங்க. துடிப்பு நல்லா ஓடிக்கிட்டு இருக்குன்னு.

ஓடிக்கிட்டு இருக்குன்னா, ஆரம்பம் முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்.

அதுக்கப்புறம் அவ பல வாரம் பார்த்தா. நேரத்துக்குக் குறையே வைக்கல நான். எக்ஸ்ரே மெல்ல மெல்ல மங்கிக்கிட்டு வந்துச்சு, ரேடியோ விட்டு விட்டு அடிச்சு, ஒருநாள் நின்னே போச்சு. நல்ல பதிவுதான். ஆனா அது மாதிரி பதிவு அஞ்சாறு நாட்டுல இருந்துச்சு.

அவகிட்ட மட்டும் இருந்தது அந்த ஞாயித்துக்கிழமைப் பதிவு. முழுக்க மௌனம். கடைசியில, டிஷ் திரும்புறதுக்குச் சித்த முன்னால, ஏழெட்டுத் துடிப்பு. அவ்வளவுதான். அந்த நட்சத்திரம் சுத்துற கணக்குக்குச் சரியா வருதுன்னா. ஹெக்டேயும் அவளும் சேர்ந்து கட்டுரை எழுதினாங்க. இதுதான் ஆரம்பம், நாங்க பிடிச்சுட்டோம்னு. அதை அனுப்பின ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரங்க என்னைக் கேட்டாங்க, டைரக்டர்ங்கிற முறையில, அன்னிக்கு அந்த இடத்துல வேற மின்சாதனங்களோட குறுக்கீடு ஏதாவது இருந்துச்சான்னு. நான் என்ன பண்ண? பொய் சொல்ல முடியுமா? அன்னிக்குப் பக்கத்து ஊர்ல அம்மன் கோயில் திருவிழா. மைக் செட்டு, ஜெனரேட்டர், சீரியல் லைட்டு. குறுக்கீடா இருக்கலாம்னு எழுதினேன். இருக்கலாம்தானே? இருந்துச்சுன்னு எழுதல. இருக்கலாம்னுதான் எழுதினேன்.

ஹெக்டே போன்ல என்கிட்ட கத்தினார். "ஜெனரேட்டர் அந்த நட்சத்திரத்தோட கணக்குல துடிக்குமா சார்?"ன்னார். துடிக்காதுன்னு நிரூபிங்கன்னேன். இன்னும் கொஞ்ச நேரம் பதிவு இருந்திருந்தா நிரூபிச்சிருப்போம்னார். பதிவு இல்லையேன்னேன். அதோட பேச்சை நிறுத்திட்டார். இன்னிவரைக்கும் பேசுறதில்ல.

கட்டுரை வரல. வேற எங்கயும் அனுப்பிப் பார்த்தாங்க, வரல.

அந்த வருஷம் அவ கான்ட்ராக்ட் நீட்டிக்கல. அதுக்கும் நான்தான் காரணம்னு சொல்றாங்க. நீட்டிக்கிறது என் கையில இல்ல தம்பி. மேலிடத்துல முடிவு பண்றது. நான் சிபாரிசு மட்டும்தான் எழுதணும். மெமோ வாங்கின ஆளுக்குச் சிபாரிசு எழுதினா, அப்புறம் மெமோவுக்கு என்ன மரியாதை? அவளே புரிஞ்சுக்கிட்டா. கிளம்புற அன்னிக்கு வந்து சொல்லிட்டுத்தான் போனா. "சார், உங்க தொடர்ல அந்த ஞாயித்துக்கிழமை கொஞ்சம் விட்டுப்போச்சு. மன்னிச்சுக்கோங்க"ன்னா. எவ்வளவு பெரிய மனசு! எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

என் தொடரா? அது... அது வேற கதைங்க. நான் ரிட்டையர் ஆனதுக்கப்புறம் வந்தவங்க கண்டுபிடிச்சாங்க, எங்க நேரம் காட்டுற கருவியில ஆரம்பத்துல இருந்தே ஒரு கோளாறு இருந்திருக்கு. மெல்ல மெல்ல நழுவியிருக்கு. அதனால அந்தப் பதிவு எதையும் நம்பிக் கணக்குப் போட முடியாதுன்னுட்டாங்க. முழுசும். விடுங்க. எந்த வேலையிலயும் இப்படி நடக்கும். ஆனா ஒழுங்கா எடுத்தேன், அதை யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது.

திரும்ப வெடிக்குமாவா? வெடிக்கும். என்னிக்குன்னு யாருக்குத் தெரியும்? நானும் இருக்க மாட்டேன். எங்க டிஷ்ஷும் இருக்காது, அடுத்த மாசம் கழட்டிப் பழைய இரும்புக்குத்தான். அவ... அவளுக்கு இப்ப ஃபேக்டரி இருக்கு.

இன்னிக்குப் போனேன்னேனே. பெரிய சிமெண்டுக் களம். மரவள்ளி மாவை வெள்ளைவெளேர்னு பரப்பிக் காயப் போட்டிருக்காங்க. கண்ணைத் திறக்க முடியல, அப்படிக் கூசுது. பொம்பளைங்க வரிசையா நின்னு பலகையால தள்ளிக்கிட்டு இருக்காங்க. நடுவுல அவளும் ஒருத்தியா நிக்கிறா, தலையில துண்டைக் கட்டிக்கிட்டு. எனக்கு அடையாளமே தெரியல. அவளுக்குத் தெரிஞ்சுது. "வாங்க சார்"னா. நாற்காலி போடச் சொன்னா, மோர் குடுத்தா. அவங்க அப்பாவுக்குப் பக்கவாதமாம். படுக்கையிலயே இருக்கார்.

"இன்னும் படிக்கிறியாம்மா? புதுசு புதுசா என்னென்னமோ கண்டுபிடிக்கிறாங்களே"ன்னேன்.

"இல்ல சார்."

"அந்தப் பழைய பதிவெல்லாம் பத்திரமா இருக்கா?"

"எதுக்கு சார்?"ன்னா.

கோபமா கேக்கல. நிஜமாவே தெரியாம கேக்கிற மாதிரிதான் கேட்டா. மோரைக் குடிச்சேன்.

அப்புறம் விழாவைச் சொன்னேன். நீ வந்து நாலு வார்த்தை பேசணும்னேன். அந்த மேக்னட்டாரைப் பத்தியே பேசு, கேக்கிறவங்களுக்குச் சுவாரசியமா இருக்கும், அந்தத் திங்கட்கிழமை வசனத்தைக்கூடச் சொல்லு, நல்லா இருக்கும்னேன். அவ களத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா. "வெள்ளிக்கிழமையா சார்? மழை வந்தா களத்துல ஆள் வேணும் சார்"னா. உள்ள போய் இந்தப் பையைக் கட்டிக் கொண்டு வந்து குடுத்தா. டிரைவரைக் கூப்பிட்டு, "சாரை பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு வா"ன்னா. நான் வண்டியில ஏறித் திரும்பிப் பார்க்கிறப்ப மறுபடியும் களத்துல இறங்கிட்டா.

மாசி மாசத்துல ஏதுங்க மழை? வேலை மும்முரத்துல நாள் கிழமையே மறந்து போச்சு போல, பாவம். ஆனா பாருங்க, வரமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லல. கோபம் இருந்தா சொல்லியிருக்க மாட்டாளா? ஊர்ல பேசுறவங்க இதைப் பார்க்கணும். அதனால நான் போனதும் சொல்லப் போறேன், முன் வரிசையில அவ பேரை எழுதி ஒரு நாற்காலி போட்டு வைங்கன்னு. வேற யாரும் உக்காராம நானே பார்த்துக்குறேன்.

கொஞ்சம் வழி விடுங்க தம்பி, கள்ளக்குறிச்சி வந்துடுச்சு.